மூன்றாண்டுக்குப் பிறகு யார் பார்ப்பது?

முதல் நாள்: பிச்சாவரம்

எங்கள் ஒன்றியத்தைச் சேர்ந்த மகளிர் குழுக் கூட்டமைப்பு ஒன்று, ஊர் ஏரியின் மடையையும் வரத்து வாய்க்காலையும் சீரமைப்பதற்காகக் காலநிலைத் தகவமைப்பு (மாறிவரும் மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ப ஊரைத் தயார்படுத்தும் பணி) மானியம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கவிருக்கிறது. விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. சில ஆண்டுகளாகக் கிராமக் குழுக்களுக்காக இந்த வேலையைச் செய்துவருகிறேன். இத்தகைய எல்லா விண்ணப்பங்களிலும் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி இருக்கும்: திட்டக் காலம் முடிந்த பிறகு பணிகள் எவ்வாறு தொடரும்? அதற்கு நேராக, 'ஊர் மக்களே பொறுப்பேற்றுப் பராமரிப்பார்கள்' என்று ஒவ்வொரு முறையும் எழுதிவந்தேன். இம்முறை கூட்டமைப்பின் செயலாளரான அக்கா, வரைவை முழுவதும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பராமரிப்பாங்கன்னு போட்டிருக்கீங்களே தம்பி, யாரு, எந்தக் காசுல?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மானியத்தில் செய்த பழைய பணிகள் இன்று எந்த நிலையில் நிற்கின்றன என்பதைப் பார்த்துவிட்டு எழுதுவோம் என்று ஐந்து நாள் கேட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

முதலில் பிச்சாவரம். சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகக் காலையிலேயே வந்துவிட்டேன். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இந்த அலையாத்திக் காட்டைச் சுற்றுலாப் படகில் பார்ப்பவர்கள் சுரபுன்னையின் தாங்குவேர்களை வியந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நான் பார்க்க வந்தவை வாய்க்கால்கள்.

ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970-கள் வரை இங்கே காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து முழுவதுமாக வெட்டினார்கள். நிழல் இழந்த சதுப்பு மண் வெயிலில் காய்ந்து அமுங்கியது. நிலத்தின் நடுப்பகுதி தொட்டி போலப் பள்ளமானது. ஓதத்தோடு, அதாவது கடலின் ஏற்றவற்றத்தோடு, உள்ளே வந்த கடல்நீர் திரும்பிப் போக வழியின்றித் தேங்கி ஆவியாகி, மண்ணின் உப்பு எந்தக் கன்றும் பிழைக்க முடியாத அளவுக்கு ஏறியது. வெட்டிய இடத்தில் மரம் மீண்டும் முளைக்காததற்கு விறகு பொறுக்குபவர்களும் மாடு மேய்ப்பவர்களுமே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமக் குழுக்களும் சேர்ந்து, இந்திய–கனடா சுற்றுச்சூழல் நிதியத்தின் உதவியோடு, நடுவில் ஒரு பெரிய வாய்க்காலும் இரு பக்கமும் சாய்வாகப் பிரியும் கிளை வாய்க்கால்களுமாக, மீன்முள் வடிவில் வெட்டி இயற்கைக் கழியோடு இணைத்தார்கள். ஓதம் ஏறி இறங்கத் தொடங்கியதும் உப்பு கழுவப்பட்டது. வாய்க்கால் ஓரங்களில் நட்ட கண்டல் கன்றுகள் பிடித்துக்கொண்டன.

அந்த வாய்க்கால்களை வெட்டியவர்களில் ஒருவரை இன்று சந்தித்தேன். அறுபதைக் கடந்தவர், கழியில் கையால் இறால் பிடித்தே வாழ்ந்த குடும்பம். மண்வெட்டி பிடித்த கூலியை விட, எந்த இடத்தில் தண்ணீர் நிற்கும், எந்தப் பக்கம் வடியும் என்று தங்களைக் கேட்டுக் கோடு போட்டதுதான் அவர் நினைவில் நிற்கிறது. "எங்கள கேட்டாங்க" என்பதைப் பேச்சினிடையே மூன்று முறை சொன்னார். சேறு ஆண்டுதோறும் வாய்க்காலில் படியும் என்றும், தூர்ந்துபோனால் ஓதம் நின்று மறுபடியும் உப்பு ஏறிவிடும் என்றும், வெட்டியதை விடத் தூர் எடுப்பதுதான் பெரிய வேலை என்றும் அவரே சொன்னார். நான் குறித்துக்கொண்ட முதல் வரி அது.

ஆழிப்பேரலை தாக்கிய 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இந்தக் காட்டின் மீதான பார்வையே மாறிவிட்டது. கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்து 2005-இல் வெளியான ஓர் ஆய்வு, அடர்ந்த மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததைக் காட்டியது. கடலிலிருந்து உள்ள தூரத்தையும் தரையின் உயரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று வேறு ஆய்வாளர்கள் பின்னர் வாதிட்டார்கள். அந்த வாதம் நியாயமானதே. ஆனால் மரத்தைப் பிடித்துக்கொண்டு பிழைத்த கதையை ஒருவர் நேரில் நம்மிடம் சொல்லும்போது, விவாதத்தின் எந்தப் பக்கத்தையும் நான் அங்கே எடுக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள்: சிதம்பரத்திலிருந்து இராமநாதபுரம்

பகல் முழுவதும் பேருந்து. பையில் இருந்த விதிமுறைக் காகிதங்களைப் படித்துக்கொண்டே வந்தேன். பார்த்ததைச் சொல்ல இன்று ஒன்றும் இல்லாததால் படித்ததைச் சொல்கிறேன்.

உலக அளவிலான காலநிலை நிதிகளிலிருந்து 2003 முதல் 2016 வரை உள்ளூர்ப் பணிகளுக்கென ஒதுக்கப்பட்ட பங்கு பத்து விழுக்காட்டுக்கும் குறைவு என்று லண்டனில் உள்ள பன்னாட்டுச் சுற்றுச்சூழல் மற்றும் வளர்ச்சி நிறுவனம் கணக்கிட்டது. உள்ளூர் மக்களே முன்னின்று நடத்தும் தகவமைப்புக்கான எட்டுக் கோட்பாடுகள் 2021 ஜனவரியில் வெளியிடப்பட்டபோது, முடிவெடுக்கும் அதிகாரத்தைக் கீழ்மட்டத்துக்குக் கொண்டுசெல்வதும், நீண்ட காலத்துக்கு நம்பத்தக்க வகையில் எளிதாகப் பெறக்கூடிய நிதியைத் தருவதும் அவற்றில் இடம்பெற்றன. காகிதத்தில் இதை மறுப்பவர் யாருமில்லை.

கிராமக் குழு ஒன்று நேரடியாகக் கதவைத் தட்டக்கூடிய இடங்கள் மிகக் குறைவு. அவற்றுள் நான் மதிக்கும் ஒன்று, 1992-இல் தொடங்கப்பட்ட உலகச் சுற்றுச்சூழல் வசதியத்தின் சிறு மானியத் திட்டம். ஒரு பணிக்கு 50,000 டாலர் என்பதே அதன் உச்சவரம்பாக நெடுநாள் இருந்தது. பணம் சமூக அமைப்புகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் நேரே போகிறது; எழுத முடியாதவர்கள் காணொளியாகவும் படங்களாகவும் தங்கள் திட்டத்தைச் சொல்வதற்கு அதில் இடம் உண்டு; ஊரின் பங்கு பணமாக இல்லாவிட்டாலும் உழைப்பாகவும் பொருளாகவும் கணக்கில் சேரும். இந்த அளவு நெகிழ்வு மற்ற இடங்களில் இருந்திருந்தால் என்னைப் போன்ற இடைநபர்கள் தேவைப்பட்டிருக்க மாட்டார்கள்.

உள்நாட்டில், 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, வரம்புக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தங்கள் மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். சுற்றுச்சூழலும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் அந்தப் பணத்தைப் பெறப் பதிவும் வருமானவரிச் சான்றுகளும் தணிக்கைக் கணக்குகளும் வேண்டும். வெளிநாட்டுப் பணமோ, 2020-இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு உட்பட்டது. பெற்றுக்கொண்ட நன்கொடையை ஓர் அமைப்பு இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தருவதை அந்தத் திருத்தம் தடைசெய்தது. நிர்வாகச் செலவுக்கான வரம்பை ஐம்பது விழுக்காட்டிலிருந்து இருபதாகக் குறைத்தது. பணம் முதலில் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளை ஒன்றில் தொடங்கிய கணக்குக்குத்தான் வர வேண்டும் என்றது. முறைகேட்டைத் தடுக்கும் நோக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. எனினும், நகரத்திலுள்ள பெரிய அமைப்பு ஒன்று பணத்தைப் பெற்று, பத்துக் கிராமக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்து, கணக்கெழுதக் கற்றுத்தந்து வளர்த்துவிடும் வழி அதோடு அடைபட்டது. கிராமக் குழு இன்று பெரும்பாலும் பயனாளியாக இருக்கலாம். பணத்தைத் தன் கையால் செலவிடும் பொறுப்பாளியாக இருப்பது கடினம். 'எங்கள கேட்டாங்க' என்று நேற்று கேட்ட சொல் இந்தப் பக்கத்தைப் படிக்கும்போது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

என் அனுபவம் ஒன்றையும் இங்கே எழுதியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு குழுவுக்காகக் குட்டை தூர்வார மானியம் வாங்கித் தந்தேன். வைகாசியில் ஒப்புதல் வந்தது. பணம் வந்ததோ கார்த்திகையில். குட்டையில் அப்போது இடுப்பளவு தண்ணீர். மார்ச் மாதத்துக்குள் செலவிட்டுப் பயன்பாட்டுச் சான்றிதழ் தராவிட்டால் பணத்தைத் திருப்ப வேண்டும் என்றார்கள். பொறுத்திருக்கும்படி நாங்கள் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. தூர்வாரும் பணத்தில் மரக்கன்று வாங்கி நட்டோம். கோடையில் அவற்றில் பெரும்பாலானவை காய்ந்துபோயின. அறிக்கையில் நட்ட எண்ணிக்கை மட்டும் இருக்கிறது. அந்தக் குழுவின் பெண்கள் அதன் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் என்னை அழைக்கவில்லை.

மூன்றாம் நாள்: இராமநாதபுரம்

இந்த மாவட்டத்தின் மழை ஐப்பசியையும் கார்த்திகையையும் நம்பியிருக்கிறது. புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு வானம் பார்ப்பார்கள். வந்த மழையைக் கண்மாயில் பிடித்தால் நெல். பிடிக்கத் தவறினால் மிளகாயும் கூலி வேலையும். ஆகவே ஆவணி மாதத்தில் இங்கே வந்தது நல்லதாயிற்று. கண்மாய் வேலைகள் முடிந்திருக்க வேண்டிய நேரம் இது.

நான் போன ஊரின் பெயரை அவர்கள் விருப்பப்படி எழுதவில்லை. கண்மாய்க் கரை மேல் வயலகச் சங்கத் தலைவரோடு ஒரு முழு நடை நடந்தேன். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை, ஆயக்கட்டு (கண்மாய் நீர் பாயும் நிலப்பரப்பு) விவசாயிகளை வயலகம் என்ற பெயரில் சங்கங்களாக்கிக் கண்மாய்களைச் சீரமைக்கும் பணியைப் பல்லாண்டுகளாகச் செய்துவருகிறது. இந்த ஊரிலும் பல ஆண்டுகளுக்கு முன் வெளியிலிருந்து மானியம் வந்தது. அதில் மடையைப் புதுப்பித்து, மிகுந்த நீர் வழிந்து வெளியேறும் கலுங்கை உயர்த்திக் கட்டி, வரத்துக்காலில் மண்டியிருந்த சீமைக்கருவேலத்தை அகற்றியிருக்கிறார்கள்.

மடைக்கல் இன்றும் அசையாமல் இருக்கிறது. கலுங்கில் ஒரு விரிசல், பூசியிருக்கிறார்கள். வரத்துக்காலில் கருவேலம் மீண்டும் முளைத்து, மீண்டும் வெட்டப்பட்ட அடிக்கட்டைகள் தெரிந்தன. யார் வெட்டியது என்று கேட்டேன். ஏக்கருக்கு இத்தனை என்று ஊரார் கொடுத்த பங்களிப்பைச் செலவழித்துவிடாமல் வங்கியில் வைப்பாகப் போட்டிருப்பதாகவும், அதன் வட்டியிலும் கண்மாய் மீன் குத்தகையில் சங்கத்துக்குக் கிடைக்கும் பங்கிலும் ஆண்டுக்கு ஒருமுறை கருவேலம் வெட்டுவதாகவும் தலைவர் சொன்னார். தொகை பெரிதன்று. மழை பொய்த்த ஆண்டில் மீனும் இல்லை, குத்தகையும் இல்லை. ஆனாலும் அந்த ஒரு வேலை நிற்கவில்லை. "மானியத்துல கட்டுனது மடை, தம்பி. கண்மாயக் காப்பாத்துறது இந்த வட்டிதான்" என்றார்.

மானியம் என்ற சொல்லை அங்கே நின்று யோசித்துப் பார்த்தேன். இன்று அது வெளியிலிருந்து ஒருமுறை வரும் பணம். பழைய வழக்கில் மானியம் என்பது நிலம்: ஊருக்குச் செய்யும் ஒரு பணிக்காக, வரியில்லாமலோ குறைந்த வரியிலோ விடப்பட்ட நிலம். கண்மாயில் நீர் பாய்ச்சும் நீர்க்கட்டிக்கும் சில ஊர்களில் அவ்வாறு நிலம் இருந்தது. இன்னும் பின்னோக்கிப் போனால், கல்வெட்டுகளில் ஏரிப்பட்டி என்று ஒரு சொல் வருகிறது. ஏரியைப் பேணுவதற்கென்றே ஒதுக்கிய நிலம் அது, அதன் விளைச்சல் ஆண்டுதோறும் ஏரிக்கே உரியது. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் சபையின் வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று. அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தச் சபையில் யாருக்கு இடமிருந்தது, யாருக்கு இல்லை என்பதையும் அதே கல்வெட்டுதான் சொல்கிறது. ஆனால் ஏரியை வெட்டக் கொடுப்பதும் ஏரியைப் பேணக் கொடுப்பதும் வேறு வேறு கொடைகள் என்ற தெளிவு அவர்களிடம் இருந்தது. இன்றைய மானியப் படிவங்களில் இரண்டாவதற்கு இடமே இல்லை. அதனால்தான் அந்தக் கேள்விக்கு நான் பொய்யான ஒரு வாக்கியத்தை எழுதிவந்திருக்கிறேன்.

குடிமராமத்தும் தானாக மறைந்துவிடவில்லை. ஊரார் கூடிச் செய்த அந்த உழைப்பைக் கட்டாயமாக்க 1858-இலேயே சென்னை மாகாணத்தில் சட்டம் போட்டார்கள்; சட்டத்தால் அது நிலைக்கவில்லை. 2016–17-இல் தமிழக அரசு அதே பெயரில் திட்டத்தைத் தொடங்கி, முதற்கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளை எடுத்தது. பத்து விழுக்காடு பாசனதாரர்களின் பங்கு, உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தரலாம் என்றது நல்ல ஏற்பாடு. பங்கைத் தருபவர்தான் அடுத்த ஆண்டு வந்து பார்ப்பார் என்பதை இந்தக் கரையில் கண்ணால் பார்த்தேன். பங்கைக் காகிதத்தில் மட்டும் காட்டும் இடங்களில் அந்தப் பிணைப்பு உண்டாகாது.

மாலையில் சங்கக் கூட்டம். ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்களே உறுப்பினர்கள். ஆகவே நிலமற்றவர்கள் அறையின் வாசலில் நின்றார்கள். ஆடு மேய்க்கும் ஒரு பெண், கருவேலத்தை முழுவதும் அகற்றிவிட்டால் விறகுக்கும் கரிக்கும் எங்கே போவது என்று கேட்டார். அதற்குச் சரியான பதிலை யாரும் சொல்லவில்லை. எங்கள் விண்ணப்பத்திலும் இந்தக் கேள்வி இல்லை.

நான்காம் நாள்: திண்டுக்கல்

வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டின் நிதியில் நடந்த நீர்வடிப்பகுதிப் பணி (மழைநீர் ஒரே ஓடைக்கு வடியும் நிலப்பரப்பைச் சீராக்கும் பணி) ஒன்றைப் பார்த்தேன். சரிவான செம்மண் காடு. சம உயர வரப்புகளும், ஓடைகளில் தடுப்பணைகளும், இரண்டு மூன்று பண்ணைக் குட்டைகளும். பார்ப்பதற்கு எளிய வேலைகள். அவற்றுக்குப் பின்னிருந்த ஒழுங்குதான் என்னைக் கவர்ந்தது. முழுத் திட்டத்துக்கும் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சிறு பரப்பில் ஊராரே வேலை செய்து காட்ட வேண்டும். கிராம நீர்வடிப்பகுதிக் குழு தன் கணக்கைத் தானே எழுதிப் பழக வேண்டும். அதன் பிறகே பெரிய தொகை. ஒவ்வொரு நிலத்திலும் அந்த உழவரும் அவர் மனைவியும் நின்று என்ன வேண்டும் என்று சொன்ன பிறகே வரைபடம் போட்டார்கள் என்று குழுவின் கணக்காளர் சொன்னார். கூலியிலிருந்து ஊரார் விட்டுக்கொடுத்த பங்கு, பராமரிப்பு நிதியாகத் தனிக் கணக்கில் இருக்கிறது. வங்கிப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். கடைசியாக எடுத்த தொகை ஒரு தடுப்பணையில் மண் அள்ளியதற்கு.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். கியோட்டோ உடன்படிக்கையின் கீழ் அமைந்த தகவமைப்பு நிதியம், தமிழ்நாட்டிலும் இராஜஸ்தானிலும் முன்பே முடிந்த நீர்வடிப்பகுதிகளைப் பருவநிலை மாற்றத்தைத் தாங்கும்படி வலுப்படுத்துவதற்காக, நபார்டு வழியாகச் சுமார் 13 லட்சம் டாலர் அளித்தது. பழைய வேலைக்குத் திரும்பிச் செல்லும் மானியம் என்பது அரிது. புதிய பணியின் திறப்பு விழாவுக்கு வருபவர்கள் பழைய தடுப்பணையில் மண் அள்ளுவதற்குப் பணம் தர முன்வருவதில்லை.

ஐந்தாம் நாள்: ஓடந்துறை

பழனியிலிருந்து உடுமலைப்பேட்டைக்கு வரும் வழியில் மைவாடிப் பக்கம் காற்றாலைகளைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். அவற்றுள் ஒன்று, நான் போய்க்கொண்டிருந்த ஊருக்குச் சொந்தமானது. எது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மேட்டுப்பாளையம் அருகே, பவானிக் கரையில் இருக்கிறது ஓடந்துறை. காற்று இங்கே போதாது. ஆகவே ஊராட்சி தன் காற்றாலையைப் பல மைல் தள்ளி மைவாடியில் நிறுவியது. 2006-இல், அப்போதைய தலைவர் ஆர். சண்முகத்தின் முன்முயற்சியில், 350 கிலோவாட் திறனில், 1.55 கோடி ரூபாய்ச் செலவில் அது நிறுவப்பட்டது. அதில் சுமார் 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு. மீதம் வங்கிக் கடன். குடிநீர் மோட்டார்களுக்கும் தெருவிளக்குகளுக்கும் ஆண்டுக்கு 4.5 லட்சம் யூனிட் அளவில் தேவைப்பட, அதற்கு மேல் கிடைத்த சுமார் 2 லட்சம் யூனிட்டை மின்வாரியத்துக்கு விற்று, அந்த வருமானத்திலேயே கடனை அடைத்தார்கள்.

இது மானியக் கதையன்று என்பதற்காகவே இதைக் கடைசியில் வைத்திருந்தேன். வருமானம் தரும் வேலைக்குக் கடனும், வருமானம் தராத வேலைக்கு மானியமும் என்று பிரித்துப் பார்க்கும் கண் நமக்கு வேண்டும். காற்றாலை மின்சாரத்தை விற்கும். அலையாத்திக் காடு புயலைத் தாங்கும். அதற்கு யாரும் ரசீது போட முடியாது. வரத்துக்கால் தண்ணீரைக் கொண்டுவரும். ஆனால் மழை பொய்த்த ஆண்டில் கடன் தவணை கட்டாது. தகவமைப்புப் பணிகளுக்குக் கடன் கொடுத்துவிட்டு, அதையும் காலநிலை நிதி என்று கணக்கு எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். அதே சமயம், ஊராட்சி ஒன்று இரவல் வாங்கும் அளவுக்குத் தன் கணக்கை ஒழுங்காக வைத்திருந்தது என்பதும் ஒரு பாடம். அந்தச் சேமிப்பு இல்லையென்றால் எந்த வங்கியும் உள்ளே விட்டிருக்காது.

மாலையில் மேட்டுப்பாளையம் பேருந்து நிலையத்திலிருந்து அக்காவைத் தொலைபேசியில் அழைத்து, கடைசிப் பக்கத்துக்கு நான் எழுதிய புதிய பதிலை வாசித்துக் காட்டினேன். மடைக்கும் வாய்க்காலுக்கும் கேட்கும் தொகையில் ஒரு பகுதியைப் பராமரிப்பு வைப்பாக வங்கியில் இட அனுமதிக்க வேண்டும். அனுமதி இல்லையென்றால் கூலியிலிருந்து உறுப்பினர்கள் விட்டுக்கொடுக்கும் பங்கு அந்த வைப்பாகும். அதன் வட்டியில் ஒவ்வோர் ஆடியிலும் வாய்க்கால் வெட்டப்படும். கணக்கை இரண்டு பெண்கள் கூட்டாகக் கையெழுத்திட்டு நடத்துவார்கள். நிலமில்லாத உறுப்பினர்களுக்கும் கூட்டத்தில் வாக்குண்டு.

அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு இரண்டு திருத்தம் சொன்னார். வாய்க்கால் வெட்டு ஆடியில் வேண்டாம், நடவு வேலைக்குப் பெண்கள் போய்விடுவார்கள், ஆனியில் என்று போடச் சொன்னார். ஆவணி முடிவதற்குள் பணம் வராவிட்டால் அடுத்த தைக்குப் பிறகுதான் வேலையைத் தொடங்குவோம், அதற்குச் சம்மதம் என்றால் மட்டும் கொடுங்கள் என்று தனி வரியாக எழுதச் சொன்னார். அப்படி எழுதினால் விண்ணப்பத்தைத் தள்ளிவிடக்கூடும் என்றேன். "தள்ளட்டும் தம்பி, எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன். நாளை மறுநாள் அனுப்புகிறோம்.